வானொலியில் ஒலித்த குரல்கள் புத்தகமானால் யாருக்குச் சொந்தம்?

வாசகியின் கடிதம்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் தவிர்த்திருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

பொதுத்துறை வானொலி நிலையம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகத் தற்காலிக அறிவிப்பாளராக இருக்கிறார். மாதத்தில் சில நாள்கள்தான் பணி. ஒவ்வொரு முறையும் ஒப்பந்தப் படிவத்தில் கையொப்பம், அதற்கான ஊதியம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில நாள்களில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோர ஊர்களுக்குச் சென்று பேட்டி எடுத்திருக்கிறார். கடல்பாசி எடுக்கும் பெண்கள், நாட்டுப்படகு மீனவர்கள், இலங்கைச் சிறையிலிருந்து திரும்பியவர்கள், தனுஷ்கோடிப் புயலில் உயிர் தப்பிய முதியவர்கள் எனப் பலர் அவரிடம் மனம் திறந்து பேசியிருக்கிறார்கள். நிலையத்தின் கருவியில் பதிவானவை போக, அவருடைய குறிப்பேடுகளிலும் சொந்தக் கைபேசியிலும் நிறைய இருக்கின்றன. இவற்றைக் கொண்டு ஒரு நூலை எழுதி முடித்துவிட்டார். பதிப்பகம் ஒன்று ஜனவரி புத்தகக் காட்சிக்குள் கொண்டுவர விரும்புகிறது. ஒரு பக்க ஒப்பந்தத்தை அனுப்பி உடனே கையொப்பம் கேட்கிறது. பக்கத்துக்குப் பக்கம் க்யூஆர் கோடு அச்சிட்டு, வாசகர்கள் அந்தக் குரல்களைக் கேட்கும்படி செய்வதாகவும் சொல்கிறது.

அவருடைய கேள்விகள் இவை. "நான் நிரந்தர ஊழியர் இல்லை; ஆகவே நான் எடுத்த பேட்டிகள் என்னுடையவைதானே? நிகழ்ச்சித் தயாரிப்பாளர் எழுத்து மூலம் அனுமதி வாங்கச் சொல்கிறார். அது தேவையா? மக்கள் மனமுவந்து மைக்கின் முன்னால் பேசியவற்றை எழுத மறுபடியும் அவர்களிடம் கேட்க வேண்டுமா? என்றைக்காவது பணி நிரந்தரமாகும், அதுவரை புத்தகம் எழுதி அரசைச் சீண்டாதே என்று வீட்டில் சொல்கிறார்கள். வானொலியை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத வந்துவிடலாமா?"

அன்புள்ள சகோதரி,

புத்தகத்தை நிறுத்தாதீர்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற ரயில் கடலுக்கு இரையானபோது பத்து வயதுச் சிறுவனாக இருந்தவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. அவர் சொல்லக் கேட்டவர் நீங்கள். அதை எழுதாமல் விடுவது எந்தச் சட்டத்துக்கும் அவசியமில்லை. ஆனால் இப்போது இருக்கும் வடிவத்தில், இப்போது வந்திருக்கும் ஒப்பந்தத்தில் அதை வெளியிட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. காரணங்களைச் சொல்கிறேன்.

ஒலிப்பதிவு நிலையத்துடையது

நிரந்தர ஊழியர் இல்லை என்பதால் பேட்டிகள் உங்களுக்கே சொந்தம் என்று நினைக்கிறீர்கள். தனியார் நிறுவனமாக இருந்தால் அந்த வாதத்துக்கு ஓரளவு வலு உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில், ஊழியர் தம் பணியின்போது உருவாக்குவது முதலாளிக்கு உரியது என்கிறது. ஊழியர் அல்லாதவருக்கு அந்த விதி அப்படியே பொருந்தாது. ஆனால் அதே பிரிவில் பொதுத்துறை நிறுவனங்களுக்கென்று தனியாக ஒரு விதி இருக்கிறது. அப்படிப்பட்ட நிறுவனத்தின் வழிகாட்டுதலிலோ கட்டுப்பாட்டிலோ உருவான, அல்லது முதலில் வெளியான படைப்புக்கு, மாறாக ஒப்பந்தம் எதுவும் இல்லாதவரை அந்த நிறுவனமே முதல் உரிமையாளர். நாடாளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்பட்ட, அகில இந்திய வானொலியை நடத்தும் பிரசார் பாரதி போன்ற அமைப்புகள் இந்த வரையறைக்குள் வருகின்றன. நீங்கள் நிரந்தரமா தற்காலிகமா என்பது இந்த விதிக்கு முக்கியமில்லை. யாருடைய ஏற்பாட்டில் அந்தப் பேட்டி எடுக்கப்பட்டது என்பதைத்தான் அது பார்க்கிறது.

இதற்கு மேலும் இரண்டு உரிமைகள் உண்டு. ஒலிப்பதிவு என்ற முறையில் 60 ஆண்டுப் பாதுகாப்பு. ஒலிபரப்பு என்ற முறையில் 37-ஆம் பிரிவின்படி 25 ஆண்டுப் பாதுகாப்பு. ஆகவே தயாரிப்பாளர் சொன்னது சரியான ஆலோசனை. அவர் உங்களுக்குத் தடை போடவில்லை. பின்னால் வரக்கூடிய வழக்கிலிருந்து காப்பாற்றப் பார்க்கிறார். அவரிடம் மனக்கசப்பு வேண்டாம்.

இனி உங்கள் பக்கம் இருப்பவற்றைப் பார்ப்போம். செய்திக்கும் அனுபவத்துக்கும் பதிப்புரிமை கிடையாது. கருத்துக்கோ வரலாற்று உண்மைக்கோ உரிமை கிடையாது, அது சொல்லப்பட்ட வடிவத்துக்கே உண்டு என்று 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சோழகக் காற்றில் எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) எந்த மீன் படும், கடலுக்குள் மூழ்கும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொள்வது ஏன், புயலுக்கு மறுநாள் யார் யாரைத் தேடினார்கள் என்பதெல்லாம் எந்த நிலையத்துக்கும் சொந்தமல்ல. பணியில்லாத நாள்களில் சொந்தச் செலவில் போய் எழுதிய குறிப்பேடுகள் உங்களுடையவை. அதே நாள்களில் சொந்தக் கைபேசியில் செய்த பதிவுகளும் அப்படியே. சிக்கல் வருவது இரண்டும் கலந்த இடங்களில்தான். நிலையம் பயணப்படி தந்து அனுப்பிய நாளில் உங்கள் கைபேசியிலும் பதிவு செய்திருந்தால், அதை நிலையத்துடையது என்று கருதிக்கொள்வதே பாதுகாப்பு.

எனவே கையெழுத்துப் பிரதியை எடுத்துவைத்து, ஒவ்வொரு அத்தியாயத்தின் ஓரத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று பென்சிலால் குறியுங்கள்: ஒலிபரப்பான நிகழ்ச்சியா, ஒலிபரப்பாத பதிவா, சொந்தக் குறிப்பா. நிகழ்ச்சியிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை எடுத்து எழுதிய பக்கங்கள் எத்தனை என்று அப்போது தெரிந்துவிடும். பேசியவர் உயிரோடு இருந்தால் மறுபடி போய்ப் பாருங்கள்; மைக் இல்லாமல் உட்கார்ந்து பேசி, புதிதாக எழுதுங்கள். புத்தகத்துக்கும் அது நல்லது. வானொலிக்காக எட்டு நிமிடத்துக்குள் சொன்னவர், வீட்டுத் திண்ணையில் வேறு மாதிரி சொல்வார். காலமாகிவிட்டவர்களின் பேச்சுக்கு மட்டும் நிலையத்திடம் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். நிகழ்ச்சியின் பெயர், ஒலிபரப்பான தேதி, எத்தனை பக்கம் மேற்கோள் எடுக்கிறீர்கள் ஆகிய மூன்றையும் விண்ணப்பத்தில் குறிப்பிட்டு நிலையத் தலைவருக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள். முகவுரையில் 'நன்றி' என்று அச்சிட்டால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றி சொல்வது பண்பு, அனுமதி ஆகாது.

உங்களிடமிருந்து யாராலும் எடுக்க முடியாத உரிமை ஒன்றும் உண்டு. நிகழ்ச்சி எழுத்துரு உங்களுடையது என்றால், அதன் உரிமை நிலையத்துக்கே போனாலும், 57-ஆம் பிரிவின்படி அதை எழுதியவர் நீங்கள் என்று உரிமை கோரலாம். நிலையமே நாளைக்கு அந்த எழுத்துருக்களைத் தொகுத்து வெளியிட்டால் உங்கள் பெயர் அதில் இருக்க வேண்டும்.

க்யூஆர் கோடு யோசனையை இப்போதைக்குக் கைவிடுங்கள். எழுத்தில் மேற்கோள் காட்டுவதும் குரலையே வெளியிடுவதும் சட்டத்தில் வெவ்வேறு. உங்களிடம் ஒரு முதியவர் பாடிய அம்பாப் பாட்டை, அதாவது மீனவர்களின் வேலைப் பாட்டை, தாளில் எழுதலாம். தலைமுறை தலைமுறையாக வரும் நாட்டுப்புறப் பாடலின் வரிகளுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அவர் பாடிய பதிவில் நிலையத்துக்கும் உரிமை உண்டு, 38-ஆம் பிரிவின்படி பாடியவர் என்ற முறையில் அவருக்கும் உண்டு. இருவரின் சம்மதமும் இல்லாமல் அதை இணையத்தில் ஏற்றக் கூடாது.

மைக்கின் முன் தந்த சம்மதம்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இந்தப் பகுதிதான். 'மனமுவந்து பேசினார்கள்' என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் சம்மதித்தது காற்றில் ஒருமுறை ஒலித்து மறையும் நிகழ்ச்சிக்கு. நூலகத்தில் இருக்கப்போகிற, எந்த அதிகாரியின் மேசைக்கும் போகக்கூடிய புத்தகத்துக்கு அல்ல. அப்படி ஒன்று வரும் என்று அன்றைக்கு உங்களுக்கே தெரியாது.

நீங்கள் அனுப்பிய மூன்று அத்தியாயங்களைப் படித்தேன். முதலாவதில் ஒரு பெண், தீவைச் சுற்றிப் பாசி எடுக்கப் போனதையும் ரோந்துப் படகைக் கண்டதும் தண்ணீருக்குள் மறைந்ததையும் சொல்கிறார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே அனுமதியின்றி நுழைவதும் எதையும் எடுப்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். அதே பெண்ணின் மகன் கடல் அட்டை பிடித்ததாகவும் ஒரு வரி வருகிறது. கடல் அட்டையைப் பிடிப்பதற்கு 2001 முதல் தடை இருக்கிறது. இது சிறைத் தண்டனை வரை போகக்கூடிய விஷயம். இரண்டாவது அத்தியாயத்தில் ஒருவர் எல்லையைத் தாண்டி வலை விரித்ததையும் இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலை பயன்படுத்தியதையும் விவரிக்கிறார். இரட்டைமடி நம் மாநிலத்திலேயே தடை செய்யப்பட்டது. அதைவிட முக்கியம், அவர் ஏற்கெனவே இலங்கை நீதிமன்றத்தில் ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடு விடுதலையானவர். மறுபடி பிடிபட்டால் அந்தத் தண்டனையை அனுபவிக்க நேரும். அவர் பெயரோடு இப்படி ஒரு பக்கம் அச்சில் இருப்பது அவருக்கு எந்த வகையில் உதவும்?

பெயரை மாற்றிவிடலாம் என்று நினைப்பீர்கள். பெருநகரத்தில் அது போதும். நூறு வீடுகள் உள்ள ஒரு குப்பத்தில், எத்தனை பிள்ளைகள், கணவர் எந்த ஆண்டு கடலில் காணாமல் போனார், வீடு கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினால் யாருக்குத்தான் தெரியாது? ஊர், வயது, உறவு, சம்பவத்தின் ஆண்டு எல்லாவற்றையும் கலைக்க வேண்டும். தேவைப்பட்டால் இருவர் சொன்னதைப் பொதுவாக எழுதி, 'இப்பகுதிப் பெண்கள் சொல்வது' என்று விட்டுவிடுங்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் திருத்த வேண்டும். 'யார் சொன்னது என்று என்னிடம் யாரும் கேட்க முடியாது, நான் பத்திரிகையாளர்' என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. பத்திரிகையாளருக்கு அப்படி ஒரு பாதுகாப்பு நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. 1978-ஆம் ஆண்டின் பத்திரிகை மன்றச் சட்டம், செய்தி மூலத்தை வெளியிடும்படி அந்த மன்றம் வற்புறுத்தக் கூடாது என்கிறது. நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. குற்ற வழக்கில் நீங்கள் சாட்சியாக அழைக்கப்பட்டால் நிலைமை தர்மசங்கடமாகும். அந்த இக்கட்டு வராமல் இருக்க ஒரே வழி, அடையாளம் தரும் விவரம் பிரதியில் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான்.

மூன்றாவது அத்தியாயம் மறைந்த சம்மாட்டி (படகு உரிமையாளர்) ஒருவரைப் பற்றியது. நிவாரணப் பணத்தை அவர் கூலியாள்களுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார் என்று நான்கு பேர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இறந்தவரைப் பற்றி எதுவும் எழுதலாம் என்பது சரியல்ல. பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356-ஆம் பிரிவின்படி, இறந்தவர் மீது கூறும் பழி குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் கொண்டதாக இருந்தால் அவதூறாகலாம். உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது. பொது நன்மைக்காக வெளியிட்டது என்றும் காட்ட வேண்டும். அதே சமயம் அஞ்சி ஒடுங்கவும் வேண்டாம். ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது பற்றிய வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தனிமனிதரின் அந்தரங்கத்தை மதிக்கச் சொல்கிறது. கூடவே, பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடத் தடையில்லை என்றும் பொதுவாகச் சொல்கிறது. ஆகவே அந்த நிவாரணப் பட்டியலைத் தேடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கள். காகிதம் கிடைத்தால் அத்தியாயம் நிற்கும். கிடைக்காவிட்டால் பெயரை எடுத்துவிட்டு, அந்த நால்வரும் பட்ட பாட்டை மட்டும் எழுதுங்கள். சொல்லப்போனால் அதுதான் அந்த அத்தியாயத்தின் உயிர்.

சம்மதம் வாங்குவது எப்படி என்று கேட்பீர்கள். ஒவ்வொருவரிடமும் நேரில் போய், அவரைப் பற்றிய பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். இது புத்தகமாக அச்சாகும், விற்கப்படும், திரும்பப் பெற முடியாது என்று சொல்லுங்கள். பெயர் போடலாமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். கையொப்பம் போடத் தெரியாதவரின் சம்மதத்தைக் குரலாகவே பதிந்துகொள்ளலாம். அச்சுக்குப் போகும் நாள் வரை மனம் மாறினால் எடுத்துவிடுவேன் என்று வாக்குக் கொடுங்கள். 'என் பெயரைப் போடாதே' என்று ஏற்கெனவே சொன்னவரிடம் மறுபடி வற்புறுத்த வேண்டாம். அது முடிந்த விஷயம்.

ஊர்க் கமிட்டியும் ஜமாத்தும் பங்குத் தந்தையும் அனுமதி தர வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். மரியாதைக்குச் சொல்லிவையுங்கள், நாளைக்கும் நீங்கள் அந்த ஊர்களுக்குப் போக வேண்டும். ஆனால் அவர்களின் சம்மதம் அந்தப் பெண்ணின் சம்மதத்துக்கு ஈடாகாது, அவர்களின் மறுப்பு அவளுடைய சம்மதத்தை ரத்து செய்வதுமில்லை. அவளுடைய கணவர் விஷயத்திலும் இதுவே.

பதிப்பகத்தின் அந்த ஒரு பக்கம்

நம்மூரில் பல எழுத்தாளர்கள் ஒப்பந்தமே இல்லாமல் புத்தகம் போடுகிறார்கள்; அந்த வகையில் உங்கள் பதிப்பகம் காகிதம் நீட்டியதே நல்ல காரியம். ஆனால் 'எல்லா உரிமைகளும், எக்காலத்துக்கும், உலகெங்கும்' என்ற வரியில் கையொப்பமிடக் கூடாது. உங்கள் எழுத்தின் உரிமை உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் நீடிக்கும். ஒரு பதிப்புக்காக அத்தனையையும் கொடுப்பதாக ஆகிவிடும். காலம் குறிப்பிடாத ஒப்பந்தத்தை ஐந்து ஆண்டுக்கு உரியதாகவும், இடம் குறிப்பிடாததை இந்தியாவுக்கு உரியதாகவும் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு கருதுகிறது. உங்கள் ஒப்பந்தத்திலோ இரண்டும் வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டிருப்பதால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது. அதே பிரிவு உரிமைத் தொகையையும் ஒப்பந்தத்தில் குறிப்பிடச் சொல்கிறது. உங்கள் தாளில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

இந்த மாற்றங்களைக் கேளுங்கள்:

1. தமிழில் அச்சு நூல் உரிமை மட்டும், ஐந்து ஆண்டுக்கு. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகள் உங்களிடமே இருக்கட்டும்.

2. எத்தனை பிரதி அச்சிடுகிறார்கள், விலையில் எத்தனை சதவீதம் உரிமைத் தொகை, எந்த மாதம் கணக்குத் தருவார்கள் என்பதை எண்ணால் எழுத வேண்டும்.

3. 'நூலால் எழும் எல்லா வழக்குக்கும் ஆசிரியரே முழுப் பொறுப்பு' என்ற ஏழாவது வரி. க்யூஆர் கோடு அவர்கள் யோசனை. அதனால் வழக்கு வந்தால் செலவு உங்கள் தலையில் என்று இந்த வரி சொல்கிறது. நீங்கள் எழுதியதற்கு நீங்கள் பொறுப்பு, அவர்கள் சேர்த்ததற்கு அவர்கள் பொறுப்பு என்று மாற்றச் சொல்லுங்கள்.

4. பேசியவர்களின் வட்டார வழக்கை உங்கள் சம்மதமின்றித் திருத்தக் கூடாது. 'படிப்பவர்களுக்குப் புரியும்படி' மாற்றப்போவதாக அவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைப்பவர்களின் பேச்சைப் பொது நடைக்கு மாற்றினால், நீங்கள் ஒன்பது ஆண்டு கேட்டுச் சேர்த்தது போய்விடும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பணி நிரந்தரமும் எழுத்தும்

வீட்டில் சொல்வதற்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. அரசை விமர்சிக்கத் தடை விதிக்கும் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் அரசுப் பணியில் முறையாக நியமிக்கப்பட்டவர்களுக்கு உரியவை; உங்களைக் கட்டுப்படுத்துவது நீங்கள் கையொப்பமிட்ட படிவத்தின் நிபந்தனைகள்தான். நிரந்தர ஊழியர்களே கூட எப்போதாவது இலக்கியப் பணி செய்வதை 15-ஆம் விதி தடுப்பதில்லை. தி. ஜானகிராமன் அகில இந்திய வானொலியில் பணிபுரிந்துகொண்டே எழுதியவர்.

நீண்ட காலம் தற்காலிகமாக இருந்ததாலேயே நிரந்தரமாகும் உரிமை வந்துவிடாது என்று 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. இதைச் சொல்வது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஒன்பது ஆண்டு உழைப்பை வெறும் சில நாள் பணியாக எண்ணும் ஏற்பாடு நியாயமானது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வராமல் போகக்கூடிய ஒரு வேலைக்காகக் கையில் இருக்கும் புத்தகத்தைப் பூட்டிவைக்காதீர்கள் என்று உங்கள் வீட்டாரிடம் சொல்லுங்கள்.

வானொலியை விட வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். தமிழில் ஒரு நூலின் உரிமைத் தொகையை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. தவிர, வானொலிக்காரர் என்பதால்தான் பல வீடுகளில் உங்களை உட்காரச் சொன்னார்கள். பாம்பனில் மீனவர்களுக்காகவே கடல் ஓசை என்ற சமூக வானொலி நடக்கும் கடற்கரை இது; இங்கே வானொலிக்கு இன்னும் காது இருக்கிறது. இனிமேல் செல்லும் பயணங்களில் மட்டும் ஒரு வழக்கத்தைத் தொடங்குங்கள்: நிலையத்துக்கான நாளுக்கு ஒரு குறிப்பேடு, உங்களுக்கான நாளுக்கு இன்னொன்று, இரண்டிலும் தேதி. அடுத்த முறை ஒப்பந்தப் படிவம் நீட்டப்படும்போது, 'என் சொந்தக் குறிப்புகளை நூலுக்குப் பயன்படுத்தும் உரிமை எனக்கு உண்டு' என்ற ஒரு வரியைச் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மாறான ஒப்பந்தம் இருந்தால் அதுவே செல்லும் என்று சட்டமே சொல்வதால் அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டு. பதிப்பகத்துக்கு, 'திருத்திய ஒப்பந்தம் வந்தபின் கையொப்பமிடுகிறேன். ஒலிப்பதிவுகளை இணைக்க நான் சம்மதிக்கவில்லை' என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்லி முடிக்காதீர்கள். பிறகு, ஒன்பது ஆண்டு ஒப்பந்தப் படிவங்களில் கையில் உள்ளவற்றையெல்லாம் தேடி எடுங்கள்; பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். காணாமல் போனவற்றின் நகலை நிலையத்தில் கேட்டு வாங்கலாம். அவற்றையும் திருத்திய ஒப்பந்தத்தையும் எனக்கு அனுப்பினால், நிலையத்துக்குக் கொடுக்க வேண்டிய விண்ணப்பத்தை எழுதித் தருகிறேன். ஜனவரிக்குள் முடியாவிட்டால் அவசரப்பட வேண்டாம். ராமநாதபுரத்திலேயே புத்தகத் திருவிழா நடக்கிறது, உங்களிடம் பேசியவர்கள் பஸ் ஏறி வந்து புத்தகத்தை வாங்கக்கூடிய தூரத்தில்.